மலிவு விலையில் ஒரு மரபு: ஓல்டு கிராண்ட்-டாட் பர்பனும் 1897ஆம் ஆண்டுச் சட்டமும்

அமெரிக்க மதுக்கடைகளில் ஒரு புட்டி எந்தத் தட்டில் நிற்கும் என்பதை அதன் விலையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. விலை மிகுந்தவை கண்ணுக்கு நேரேயும், மலிவானவை குனிந்து எடுக்க வேண்டிய உயரத்திலும் வைக்கப்படும் இந்த ஒழுங்கில், ஓல்டு கிராண்ட்-டாட் என்னும் பர்பன் விஸ்கி பல பத்தாண்டுகளாகக் கீழ்த்தட்டுச் சரக்காகவே இருந்து வருகிறது. ஆரஞ்சு நிறச் சீட்டும் அதில் ஒரு முதியவரின் மார்பளவு உருவமும் கொண்ட இதன் நூறு புரூஃப் வகை, அதாவது கன அளவில் 50 விழுக்காடு சாராயம் கொண்ட வகை, அந்நாட்டில் பெரும்பாலும் 30 டாலருக்குள் கிடைக்கிறது. அதே நிறுவனம், அதே தானிய விகிதத்தில் தயாரித்து, அதே முதியவரின் இயற்பெயரால் வெளியிடும் பேசில் ஹேடன் என்னும் மற்றொரு விஸ்கி, 40 விழுக்காடு செறிவே கொண்டிருந்தும், அதைவிடக் கணிசமான கூடுதல் விலைக்கு விற்கிறது. இந்த விலை வேறுபாட்டின் காரணங்களைத் தேடிச் செல்பவருக்கு, பர்பன் விஸ்கியின் பாரம்பரியம் என்று சொல்லப்படுவதில் எது விளம்பரம், எது உண்மையான சரக்கு என்று பிரித்தறிய ஒரு வழி கிடைக்கிறது.

பர்பன் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கப்படும் விஸ்கி. அதன் இலக்கணம் வழக்கத்தால் மட்டுமன்றிக் கூட்டரசு விதிகளாலும் வரையறுக்கப்பட்டுள்ளது. தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். எஞ்சிய பங்கில் ரை என்னும் குளிர்நிலத் தானியமோ கோதுமையோ இடம்பெற, அவற்றோடு முளைகட்டி உலர்த்திய பார்லியும் சேர்வது வழக்கம். ஊறலைக் காய்ச்சி வடிக்கும்போது செறிவு 80 விழுக்காட்டையும், பீப்பாயில் நிரப்பும்போது 62.5 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தால் ஆனதாகவும் உட்புறம் தீயில் கரியாக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். நிறமியோ சுவையூட்டியோ சேர்க்கக் கூடாது. புட்டியில் அடைக்கும்போது செறிவு 40 விழுக்காட்டிற்குக் குறையக் கூடாது. 1964ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானம், பர்பனை அந்நாட்டிற்கே உரிய தனித்தன்மை வாய்ந்த பொருள் என்று அறிவித்தது. இந்த விதிகளில் ஏழைக்கு ஒன்று, செல்வருக்கு ஒன்று என்ற பாகுபாடு இல்லை. நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கும் புட்டியும் 20 டாலர் புட்டியும் ஒரே வகைப் பீப்பாயில், ஒரே செறிவு வரம்புகளுக்குள் பிறந்தாக வேண்டும் என்பதே மலிவான பர்பனைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் அடித்தளமான செய்தி.

சீட்டில் காணப்படும் முதியவர் பேசில் ஹேடன், மேரிலாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். 1785ஆம் ஆண்டு அவர் இருபத்தைந்து கத்தோலிக்கக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு, அப்போது வர்ஜீனியாவின் மேற்குப் பகுதியாக இருந்து 1792இல் தனி மாநிலமான கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தார். மேரிலாந்திலும் பென்சில்வேனியாவிலும் விஸ்கி என்றால் அது ரை தானியத்தில் வடித்ததே. கென்டக்கியின் வளமான மண்ணிலோ, பழங்குடி மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்த மக்காச்சோளம் எளிதாகவும் ஏராளமாகவும் விளைந்தது. மலைகளுக்கு அப்பாலுள்ள சந்தைகளுக்குத் தானிய மூட்டைகளைக் கொண்டு செல்வதைவிட, அவற்றை வடித்துப் பீப்பாயில் அடைத்து ஆற்று வழியே அனுப்புவது குடியேறிய உழவருக்குக் கட்டுப்படியாயிற்று. எனவே வடிப்பது அங்கு வேளாண்மையின் ஒரு கிளைத்தொழிலாகவே வளர்ந்தது. ஹேடன் தம் மேரிலாந்துப் பழக்கத்தை விடாமல் மக்காச்சோளத்தோடு வழக்கத்துக்கு மேற்பட்ட ரை சேர்த்தார் என்பது இந்த விஸ்கியை விற்போர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதை வரலாற்றுச் சான்றாக அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்றாலும், இரண்டு வேளாண் நிலங்களின் தானியங்கள் ஒரு பானைக்குள் சந்தித்ததே பர்பனின் தோற்றம் என்ற பெரிய உண்மைக்கு அது இசைவாகவே உள்ளது.

இந்தத் தோற்ற வரலாற்றில் சீட்டுகள் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. உள்நாட்டுப் போர் முடியும் வரை கென்டக்கி அடிமை முறை நிலவிய மாநிலம். அங்கிருந்த வடிசாலைகள் பலவற்றில் தானியம் அரைத்தவர்களும் ஊறல் கிளறியவர்களும் பீப்பாய் உருட்டியவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். நிறுவனரின் முகத்தைச் சீட்டில் பொறித்து மரபைக் கொண்டாடும் தொழில், அந்த உழைப்பாளிகளின் பெயர்களைப் பேசத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். பர்பனின் பழமையைப் போற்றும் எந்த எழுத்தும் இந்தக் கடனை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும்.

பேசில் ஹேடனின் பேரர் ரேமண்ட் ஹேடன் 1882ஆம் ஆண்டு நெல்சன் கவுண்டியில், ஹாப்ஸ் என்னும் ரயில் நிறுத்தத்தை ஒட்டி ஒரு வடிசாலையை நிறுவி, தம் விஸ்கிக்குத் தாத்தாவின் நினைவாக ஓல்டு கிராண்ட்-டாட் என்று பெயரிட்டார். அவர் தொழில் தொடங்கிய காலம் நேர்மையான வடிப்பாளருக்கு நல்ல காலமன்று. பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்து முதிர்வித்த விஸ்கிக்குப் போட்டியாக, ரெக்டிஃபையர் எனப்பட்ட கலப்பு வணிகர்கள் சுவையற்ற வெறும் சாராயத்தை மொத்தமாக வாங்கி, அதில் எரித்த சர்க்கரை, உலர்பிளம் சாறு, சில வேளைகளில் புகையிலையும் உடலுக்குக் கேடான வேறு பொருள்களும் சேர்த்து, நிறமும் காரமும் ஏற்றிப் பழைய பர்பன் என்ற பெயரில் விற்று வந்தனர். புட்டியில் அடைத்து விற்கும் வழக்கம் பரவாத அந்நாளில், விஸ்கி பீப்பாய்களில் மதுக்கடைக்குச் சென்று அங்கிருந்தே அளந்து ஊற்றப்பட்டதால், குடிப்பவருக்குத் தம் குவளையில் இருப்பது எங்கே எப்போது வடித்தது என்று அறிய எந்த வழியும் இருக்கவில்லை. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்கும் மலிவு வகைகள் பலவற்றின் அடிப்படை இன்றும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயமே என்பதையும், ஐரோப்பிய ஒன்றியம் அத்தகையவற்றை விஸ்கி என்று பெயரிட்டு விற்க இடம் தருவதில்லை என்பதையும் நினைவிற்கொள்ளும் தமிழ் வாசகருக்கு, அன்றைய அமெரிக்கச் சிக்கலின் தன்மை எளிதில் விளங்கும்.

அச்சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே பாட்டில்டு-இன்-பாண்ட் சட்டம். பிராங்க்ஃபோர்ட் நகரின் புகழ்பெற்ற வடிப்பாளர் எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லரும், கென்டக்கியிலிருந்து வந்து அப்போது கருவூலச் செயலராக இருந்த ஜான் கார்லைலும் இதற்காக முனைந்து பாடுபட்டனர்; 1897ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லேண்டின் கையொப்பத்துடன் அது சட்டமாயிற்று. பாண்ட் என்பது வரி செலுத்துவதற்கு முன் சரக்கு அரசுக் காவலில் இருக்கும் நிலையைக் குறிப்பது. வடித்த உடனே கலால் வரி கட்ட வேண்டியிருந்தால், ஆண்டுக்கணக்கில் விற்காமல் வைத்திருக்கும் விஸ்கியால் வடிப்பாளர் நொடித்துப்போவார் என்பதால், அரசு அலுவலரின் பூட்டுக்குட்பட்ட கிடங்கில் அதை வைத்து, வெளியே எடுக்கும்போது வரி செலுத்தும் ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. வரி வசூலுக்காக எழுந்த அந்தப் பூட்டையும் சாவியையும் தரத்திற்குச் சான்றாக மாற்றியதே இச்சட்டத்தின் நுட்பம்.

அதன்படி, இந்தப் பெயரைத் தாங்கும் விஸ்கி ஒரே வடிசாலையில், ஒரே வடிப்பாளரால், ஆண்டின் முற்பாதி அல்லது பிற்பாதி என்னும் ஒரே பருவத்திற்குள் வடிக்கப்பட்டிருக்க வேண்டும். அரசுக் காவலிலுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். செறிவைச் சரிசெய்யத் தூய நீரைத் தவிர வேறு எதுவும் சேர்க்காமல், சரியாக 50 விழுக்காட்டில் புட்டியில் அடைக்கப்பட வேண்டும். வடித்த இடம் சீட்டில் குறிக்கப்பட வேண்டும். புட்டியின் கழுத்தின்மேல் ஒட்டப்பட்ட பச்சை நிற முத்திரைத் தாள், அரசே பொறுப்பேற்றது போன்ற நம்பிக்கையைப் பொதுமக்களுக்குத் தந்தது. உணவு, மருந்து ஆகியவற்றின் தூய்மைக்கான கூட்டரசுச் சட்டம் 1906இல்தான் வந்தது என்பதை எண்ணினால், நுகர்வோரைக் காக்கும் அமெரிக்கச் சட்டங்களில் விஸ்கிக்கான இச்சட்டம் எவ்வளவு முந்தியது என்பது புலப்படும். வடிசாலையிலேயே தங்கிச் சாவி வைத்திருந்த அரசு அலுவலர் முறை 1980 வாக்கில் முடிவுக்கு வந்தபோதிலும், மேற்சொன்ன நிபந்தனைகள் அனைத்தும் இன்றும் நடைமுறையில் உள்ளன. ஓல்டு கிராண்ட்-டாட்டின் நூறு புரூஃப் வகை இன்று இந்தச் சட்டத்தின்கீழ் வரும் விஸ்கிகளில் மிக மலிவானவற்றுள் ஒன்று.

ஹேடன் குடும்பத்தின் கையிலிருந்து இந்த விஸ்கி 1899இல் வாத்தன் என்னும் மற்றொரு கென்டக்கி வடிப்பாளர் குடும்பத்திற்குச் சென்றது. 1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான வடிசாலைகள் மூடப்பட, மருத்துவச் சீட்டின்பேரில் விஸ்கி விற்கும் உரிமம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்தது. வாத்தன் குடும்பத்தார் உருவாக்கிய அமெரிக்கன் மெடிசினல் ஸ்பிரிட்ஸ் அவற்றுள் ஒன்றாக இருந்ததால், ஓல்டு கிராண்ட்-டாட் மருந்துக்கடைப் பொருளாகப் பிழைத்துக்கொண்டது. பத்து நாள்களுக்கு ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு, மருத்துவர் எழுதித் தரலாம் என்பது அக்கால விதி. நூறு புரூஃப் செறிவும் அரசு முத்திரையும் கொண்ட விஸ்கியே அவ்வாறு வழங்கப்பட்டதால், 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியபோது மக்கள் மனத்தில் மங்காமல் நின்றிருந்த சில பெயர்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. அதற்குள் உரிமை நேஷனல் டிஸ்டில்லர்ஸ் என்னும் பெருநிறுவனத்திடம் சென்றிருந்தது.

அடுத்த பெரும் சோதனை சட்டத்தால் வந்ததன்று, மாறிய சுவையால் வந்தது. 1970களில் அமெரிக்கர்கள் வோட்கா போன்ற நிறமற்ற, மணமற்ற மதுவகைகளுக்கு மாற, பர்பன் முதியவர்களின் குடியாகக் கருதப்பட்டு, கிடங்குகளில் விற்காத பீப்பாய்கள் தேங்கின. 1987இல் ஜிம் பீம் என்னும் கென்டக்கிப் பர்பன் நிறுவனத்தின் தாய் நிறுவனம் நேஷனல் டிஸ்டில்லர்ஸின் மதுத் தொழிலை வாங்கியபோது, ஓல்டு கிராண்ட்-டாட்டோடு ஓல்டு குரோ என்னும் மிகப் பழைய பெயரும் அதன் கைக்கு வந்தது. இந்த இரண்டின் பிற்கால வரலாறு ஆய்வாளருக்கு மிகுந்த பயனளிப்பது. ஊறல் முறையை அறிவியல் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் குரோவின் பெயரைத் தாங்கிய ஓல்டு குரோ, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தலைசிறந்த விஸ்கிகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. 1987க்குப் பின் அதன் பழைய தானிய விகிதம் கைவிடப்பட்டு, ஜிம் பீமின் வழக்கமான கலவையே மூன்று ஆண்டு முதிர்ச்சியோடு அந்தப் பெயரில் அடைக்கப்பட்டது. ஓல்டு கிராண்ட்-டாட்டிற்கு அந்த நிலை வரவில்லை. 63 பங்கு மக்காச்சோளம், 27 பங்கு ரை, 10 பங்கு முளைகட்டிய பார்லி என்னும் அதன் பழைய விகிதம் அப்படியே காக்கப்பட்டது. ஒன்றில் பெயர் மட்டும் எஞ்சியது. மற்றொன்றில் பெயரோடு பொருளும் எஞ்சியது. மரபு என்ற சொல்லுக்கு ஓல்டு கிராண்ட்-டாட் உரிமை கோர முடியுமென்றால், சீட்டிலுள்ள முதியவரைவிட இந்த 27 பங்கு ரையே அதற்கு வலுவான ஆதாரம்.

அந்த விகிதத்தின் விளைவு நாவில் தெளிவாகத் தெரியும். ஜிம் பீமின் வழக்கமான பர்பனில் ரையின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு. ஓல்டு கிராண்ட்-டாட்டில் அதன் இரு மடங்கு. மக்காச்சோளம் தரும் இனிப்பின் மேல் ரை, மிளகையும் கிராம்பையும் பட்டையையும் நினைவூட்டும் உலர்ந்த காரத்தைச் சேர்க்கிறது. ஊறல் போடும்போது, முந்தைய வடிப்பில் சாராயம் நீங்கிய பின் எஞ்சும் புளித்த நீரில் ஒரு பங்கைப் புதிய ஊறலோடு சேர்ப்பது கென்டக்கி வழக்கம்; அதன் புளிப்பு வேண்டாத நுண்ணுயிர்களைத் தடுத்து, ஈஸ்ட் நன்கு வளர உதவி, ஒவ்வொரு வடிப்பும் ஒரே தன்மையில் அமையச் செய்கிறது. அப்பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளூடே ஊறி வரும் நீரில் இரும்புச் சத்து இல்லாததும் ஒரு நற்பேறு; இரும்பு கலந்தால் விஸ்கியின் நிறமும் சுவையும் கெடும்.

எனினும் விஸ்கியின் குணத்தில் பெரும்பங்கு பீப்பாயிலிருந்து வருவது. ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் வெள்ளை ஓக் பீப்பாயின் உட்புறத்தை ஒரு நிமிடத்திற்குள் தீயிட்டுக் கரியாக்கும்போது, மரத்திலுள்ள மாவுப்பொருள்கள் சிதைந்து சர்க்கரையாகிக் கருகுகின்றன. லிக்னின் என்னும் மரப்பொருள் சிதைந்து வெனிலா மணம் தரும் சேர்மமாகிறது. மேற்பரப்பிலுள்ள கரி கந்தக வாடையை உறிஞ்சிக்கொள்கிறது. கென்டக்கியின் கடுங்கோடையில் விரிந்து மரத்துக்குள் புகும் விஸ்கி, பனிக்காலத்தில் சுருங்கி வெளியேறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தால் ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கிடங்குகளில் பல ஆண்டுகளில் நிகழும் மாற்றம் இங்கே குறுகிய காலத்தில் நிகழ்கிறது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் பீப்பாயிலிருந்து சில விழுக்காடு ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. தொழிலில் உள்ளோர் அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள்.

விலையின் கணக்கு இங்கே தொடங்குகிறது. கிடங்கில் ஒரு பீப்பாய் கூடுதலாகத் தங்கும் ஒவ்வோர் ஆண்டும் ஆவி இழப்பு, இட வாடகை, முடங்கிய முதல் என மும்முனையில் செலவு வைக்கிறது. சட்டம் கேட்கும் நான்கு ஆண்டுகளைத் தாண்டிப் பெரிதும் காக்காமல் அடைக்கப்படும் விஸ்கி மலிவாக இருப்பதற்கு முதற்காரணம் இதுவே. பர்பன் விரைவாக முதிர்வதால் அந்த வயது குறைவானதும் அன்று. உயரமான தூண் வடிகலன்களில் இடைவிடாமல் பேரளவில் வடிப்பதும், அழுத்தமான கண்ணாடிப் புட்டி, மரத்தக்கை, பெருஞ்செலவு விளம்பரம் ஆகியவை இல்லாததும் பிற காரணங்கள். 1992இல் பேசில் ஹேடன் என்ற பெயரில் சிறுதொகுதி விஸ்கி அறிமுகமானபோது, அதற்குத் தொடக்கத்தில் எட்டு ஆண்டு முதிர்ச்சி என்ற சான்று சீட்டிலேயே இருந்தது. அந்த அளவில் கூடுதல் விலைக்கு ஒரு நியாயம் உண்டு. 2014 வாக்கில் அந்தக் குறிப்பு வழக்கமான புட்டியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, அதே தானியக் கலவையைக் குறைந்த செறிவில் பெறுவதற்கு வாங்குபவர் தரும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி புட்டியின் தோற்றத்திற்கும் தட்டின் உயரத்திற்குமே செல்கிறது என்பதே நடுநிலையான மதிப்பீடாக இருக்க முடியும்.

உள்நாட்டில் மலிவாக இருப்பது எல்லை கடந்தால் மலிவாக இருப்பதில்லை. இந்தியா 2025 பிப்ரவரியில் பர்பன் மீதான இறக்குமதி வரியை 150 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடாகக் குறைத்தது; மாநிலங்களின் தீர்வைகள் அதற்கு மேல். எனவே கென்டக்கித் தொழிலாளி வேலை முடிந்து வாங்கிச் செல்லும் வகையைச் சேர்ந்த ஒரு விஸ்கி, இந்தியச் சந்தைக்குள் வரும்போது வசதி படைத்தோரின் பொருளாகிவிடுகிறது.

கடந்த இருபதாண்டுகளில் பர்பனுக்கு மீண்டும் ஏற்பட்ட பெருமதிப்பு இந்தக் கணக்கை இன்னும் கூர்மையாக்கியுள்ளது. அரிய வகைகள் குலுக்கல் முறையில் விற்கப்படுவதும், மறுவிற்பனையில் பன்மடங்கு விலை பெறுவதும் இன்று இயல்பாகிவிட்டன. 2014இல் ஜப்பானின் சன்டோரி நிறுவனம், ஜிம் பீமைத் தன்னகத்தே கொண்ட பீம் நிறுவனத்தை ஏறத்தாழ 1,600 கோடி டாலருக்கு வாங்கியதே இத்தொழிலின் மதிப்பு எங்கு சென்றது என்பதைக் காட்டும். இந்த அலையில் மலிவு வகைகளும் தப்பவில்லை. ஓல்டு கிராண்ட்-டாட்டின் அடிப்படை வகை 43 விழுக்காடு செறிவிலிருந்து 40 விழுக்காடாக, சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லைக்கே, குறைக்கப்பட்டது. நூறு புரூஃப் வகையை அவ்வாறு தொட முடியவில்லை. செறிவைக் குறைத்தால் பாட்டில்டு-இன்-பாண்ட் என்ற பெயரையே இழக்க நேரும் என்பதால், ஒரு நூற்றாண்டுக்கு முன் கலப்படக்காரர்களுக்கு எதிராக எழுந்த சட்டம், இப்போது உரிமையாளரின் சிக்கனத்திலிருந்தும் அந்த விஸ்கியைக் காத்து நிற்கிறது.

இந்த விஸ்கியின் ஈர்ப்பும் அந்தச் செறிவோடு பிணைந்ததே. 50 விழுக்காட்டில் ரையின் காரம் பனிக்கட்டி உருகிய பின்னும் மங்குவதில்லை. சர்க்கரையும் கசப்பு வடிநீரும் சேர்த்துச் செய்யும் ஓல்டு ஃபேஷன்டு போன்ற கலவைகளில் அது பிற சுவைகளுக்கு அடங்கிப்போவதில்லை. தனியே அருந்துவோர் தமக்கு வேண்டிய அளவு நீரைத் தாமே சேர்த்துக்கொள்ளலாம். நீண்ட முதிர்ச்சி தரும் மரச்செறிவும் ஆழமும் இதில் இல்லை என்பதையும், முதல் மிடறில் சற்று முரட்டுத்தனம் தெரியும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மதுவைப் புற்றுநோய்க் காரணிகளில் ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்தியிருப்பதால், இத்தகைய செறிவு மிகச் சிறிய அளவுக்கே உரியது என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியது. இந்தப் பெயரில் வரும் வகைகளுள் 40 விழுக்காட்டு வகை சேமிக்கும் சில டாலர்கள் இழக்கும் சுவைக்கு ஈடாகா. 57 விழுக்காட்டு வகை வலுவானது, ஆனால் பழகிய நாவுக்கு உரியது. பழைய பர்பன் எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புபவர் தேர்ந்தெடுக்க வேண்டியது நூறு புரூஃப் வகையே.